தெருவை அழித்தவள் எழுதுவது

பாலு,

இதை உன் போனுக்கு அனுப்பியிருந்தால் படித்தும் படிக்காமலும் ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டு அடுத்த மீட்டிங்குக்குப் போயிருப்பாய். உன்னைத் தெரியாதா எனக்கு? அதனால்தான் நீ நடத்துகிற இணையப் பக்கத்திலேயே எழுதுகிறேன். "ஏதாவது சொல்ல வேண்டுமா? இங்கே எழுதுங்கள்" என்று அடியில் ஒரு பெட்டி வைத்திருக்கிறாயே, அதில். உன் பக்கத்துக்கு வந்து போகிறவர்கள் எல்லோரும் படிக்கட்டும். அவர்கள் படித்தாக வேண்டிய விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. இவ்வளவு நீளத்துக்குப் பெட்டி இடம் கொடுக்குமா என்று ஒரு பயம் இருந்தது. முதலில் கண்டதையும் அடித்துச் சோதித்துப் பார்த்துக்கொண்டேன், கொடுக்கிறது. நல்ல வேளை, பேசுகிறவர்களுக்கு நீ அளவு வைக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் உன் கல்யாண மண்டபம், மேளம், நந்தினி வீட்டுக்காரர்கள் எத்தனை பேர் வருகிறார்கள் என்றெல்லாம் பேசி முடித்த பிறகு, வைக்கப் போகும்போது சொன்னாய். "கல்யாணத்துக்கு அப்புறம் அந்தப் பக்கத்த மூடிடலாம்னு இருக்கேன்மா. இனிமே அதெல்லாம் எதுக்கு? நீதான சொல்லிக்கினே இருப்ப, சோறு போடாத வேலயெல்லாம் ஒரு வேலயான்னு. கரெக்டாத்தான் சொல்லியிருக்க." நான் "சரிப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். இருபது வருஷமாக நான் சொன்ன எதையும் நீ கேட்டதில்லை. கேட்க ஆரம்பித்த நேரம் பார்த்தாயா! நான் சொன்னது தப்பு என்று எனக்கே தெரிந்த பிறகு வந்து கேட்கிறாய். மூடாதே என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் அதை மட்டும் சொன்னால் நீ காரணம் கேட்பாய். காரணம் சொல்ல வேண்டுமென்றால் நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு நான் யாரென்று தெரியாது இல்லையா? காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் கல்யாணப் பத்திரிகை டைப் செய்து, அச்சுக்குத் தயார்செய்து கொடுக்கிற கடை என்னுடையது. வெளியூர்க்காரர்கள் முகூர்த்தப் புடவை எடுக்க வருவார்கள். வந்த கையோடு பத்திரிகையையும் முடித்துவிடலாமென்று புடவைப் பையோடு கடைக்குள் நுழைவார்கள். புடவைக்குக் காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் ஆகும், பத்திரிகைக்கு மட்டும் அரை மணி நேரத்தில் ரெடியாக வேண்டும். "சீக்கிரம் போடுங்கமா, பஸ்ஸு போயிடும்" என்று தலைமேல் நிற்பார்கள். அப்படி நின்றவர்களுக்கெல்லாம் அதே பிள்ளையார், அதே குத்துவிளக்கு, அதே மயில் என்று பழைய மாதிரிகளில் பெயரை மட்டும் மாற்றிப் போட்டுக் கொடுத்தே என் காலம் ஓடியது. ஒரு கோடு நான் புதிதாக வரைந்ததில்லை. வரையத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

போன வருஷம் ஒருநாள் காலையில் கடையைத் திறந்தால் என் பெரிய மென்பொருள் படுத்துவிட்டது. அது எவனோ எப்போதோ போட்டுக்கொடுத்த திருட்டுக் காப்பி. இத்தனை வருஷம் ஓடியதே அதிசயம். உனக்குத்தான் போன் செய்தேன். நீ அவசரத்தில் இருந்தாய். "எங்கிட்ட ஒரு பக்கம் இருக்குதுமா, சும்மா கெடைக்கிற சின்னச் சின்ன டூல்ஸா சேத்து வச்சிருக்கேன், அதுல தேடிப் பாரு" என்றாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? மறந்திருக்க மாட்டாய். "உன் வெளாட்டுச் சாமான வச்சிக்கினு நான் இன்னா கடை நடத்தறதா?" என்றேன். நீ சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாய். அடுத்த வாரம் வந்தபோது ஒழுங்காகக் காசு கொடுத்து வேறொன்றைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாய், உன் பழைய லேப்டாப்பையும் வீட்டில் விட்டுப் போனாய்.

நம் வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்துவிடும். ஜைன வீடு, விளக்கு வைத்த பிறகு அடுப்பு கிடையாது. நீயும் உன் அப்பாவும் இருந்தவரை அந்தச் சாப்பாட்டுக்குப் பிறகு வருகிற நேரம் போவதே தெரியாது. இப்போது தனி ஆள். ஆறு மணிக்குப் பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டால் அதற்கப்புறம் படுக்கிற வரைக்கும் என்னதான் செய்வது? டிவியில் எல்லோரும் அழுகிறார்கள். எதிர்வீட்டில் ஏழரை மணிக்குத் தோசை வாசனை வரும், பசியில்லாமலே வயிறு திரும்பிப் பார்க்கும். அப்படி ஒரு சாயங்காலம் சும்மா இருக்க முடியாமல்தான் உன் லேப்டாப்பைத் திறந்து, உன் பக்கத்துக்குள் போனேன். உன்னிடம் சொல்லவில்லை. வெளாட்டுச் சாமான் என்று சொன்ன வாய், எப்படிச் சொல்லும்?

முதலில் எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. என் பெரிய மென்பொருளில் எங்கே பார்த்தாலும் பட்டன், பட்டனுக்குள் பட்டன். உன் பக்கத்தில் இருந்தவை ஒவ்வொன்றும் ஒரே ஒரு காரியத்துக்கு. ஒன்றில் மூலையில் ஒரு கோடு போட்டால் அதுவே நாலு பக்கமும் திரும்பித் திரும்பி விழுந்தது. நான் ஒரு மாங்காய் போட்டேன், கண்ணெதிரே புடவைக் கரையே வந்துவிட்டது. "அடிப்பாவி!" என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இன்னொன்றில் புள்ளி வைத்தால் புள்ளிக்கு ஒரு சத்தம். நம் வாசலில் போடுகிற ஏழு புள்ளிக் கோலத்தை அதில் வைத்துப் பார்த்தேன். மேலே போகிற வரிசை ஒரு மாதிரியும் கீழே இறங்குகிற வரிசை ஒரு மாதிரியும் கேட்டது. இத்தனை வருஷம் போட்ட கோலத்தை அன்றைக்குத்தான் காதால் கேட்டேன். வேறொன்று போட்டோவைக் கொடுத்தால் வெறும் நாலு நிறத்தில் புள்ளி புள்ளியாக மாற்றிக் கொடுத்தது. எதிர்வீட்டு ஆட்டை அதில் போட்டு அச்செடுத்துக் கொடுத்தேன். அவர்கள் ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கிறார்கள், அடுத்த முறை வரும்போது போய்ப் பார்.

எல்லாமே ஓடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சிலது திறந்த உடனே நின்றுவிடும். ஒன்றில் அதைச் செய்தவரே, "இது பாதியில் நிற்கிறது, முடிப்பேனா என்று தெரியவில்லை, இருந்தாலும் விளையாடிப் பாருங்கள்" என்று எழுதியிருந்ததை நீ தமிழில் போட்டிருந்தாய். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. என் கடையில் பாதியில் நிற்கிற வேலையை நான் யாருக்காவது காட்டியிருக்கிறேனா? அச்சுக்குப் போகும் முன் ஒரு புள்ளி நகர்ந்திருந்தாலும் மறைத்துக்கொள்வேன். இவர் என்னடாவென்றால் வாங்க, அரைகுறைதான், உட்காருங்க என்கிறார். அதில் நான் ஒரு கோணல் மரம் செய்தேன். மரத்தில் இலை வர மாட்டேன் என்றது. இருந்தாலும் அது என் மரம்.

அப்புறம்தான் அது நடந்தது. உன் கல்யாணப் பத்திரிகையின் மேல் பக்கத்துக்கு நானே வரைவது என்று முடிவு செய்தேன். பிள்ளையின் பத்திரிகையில் போய் ஊருக்கெல்லாம் போட்ட அதே மயிலைப் போடுவேனா? அந்த நாலு பக்கமும் திரும்புகிற கருவியில் மூன்று சாயங்காலம் உட்கார்ந்து ஒரு கரை வரைந்தேன். லேப்டாப்பை மூடாமல் அப்படியே வைத்துவிட்டு வைத்துவிட்டு வரைந்தேன். மூன்றாம் நாள் யாரோ வாசலில் கூப்பிட, அவசரத்தில் அந்த டேபை மூடிவிட்டேன். திரும்பி வந்து திறந்தால் வெள்ளை. ஒரு கோடு இல்லை. அது தானாக எதையும் சேமிக்காதாம். எழுந்து போகும் முன் டவுன்லோட் செய்துகொள்ள வேண்டுமாம். அது அங்கேயே எழுதியும் இருந்தது, நான் படிக்கவில்லை. பாலு, அழுதேன். ஐம்பத்தாறு வயதில் ஒரு மாங்காய்க் கரைக்காக மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. இப்படிப்பட்ட சாமானையெல்லாம் எதற்கு ஊருக்குக் கொடுக்கிறாய் என்று உன்னைத் திட்டி எழுதுவதற்காக இந்தப் பெட்டியைத் தேடிக்கொண்டு பக்கத்தின் அடிவரைக்கும் போனேன்.

அடியில், நீயே செய்த ஐந்து கருவிகளின் பட்டியல் இருந்தது. நீயே செய்தவை இருக்கின்றன என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். கடைசியாக இருந்ததற்குப் பெயர் 'தெரு'. அதற்குக் கீழே நீ எழுதியிருந்ததை நான் மனப்பாடமாகச் சொல்வேன். "பதினேழு வயதில், ஒரு குட்டி மென்பொருளில் எங்கள் தெருவைச் செய்தேன். சின்னச் சின்னக் கட்டங்களால் ஆன தெரு. அதில் ஒரு பையன் நடப்பான். யார்மேலாவது போய் மோதினால் அவர்கள் பேசுவார்கள். எங்கள் வீட்டு வாசலில் என் அப்பா நின்றிருப்பார். அப்போது அவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவர் பதினோரு வரி பேசுவார். பிறகு கம்ப்யூட்டர் பழுதாகி எல்லாம் போய்விட்டது. ஏழு வரி ஞாபகம் இருக்கிறது. யாராவது தங்கள் தெருவைச் செய்துகொள்ளட்டும் என்று இந்தக் கருவியைத் தமிழ் எழுத்தோடு செய்து வைத்திருக்கிறேன்."

இப்போது உன் பக்கத்துக்கு வருகிறவர்கள் படிக்க வேண்டியது இதுதான். கம்ப்யூட்டர் பழுதாகவில்லை. நான்தான் அழித்தேன். உங்களுக்குப் பொய் சொன்னது என் பிள்ளை. என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்ன பொய்.

அந்த நாட்களை நீ எப்படி ஞாபகம் வைத்திருக்கிறாயோ தெரியாது, நான் வைத்திருப்பதைச் சொல்கிறேன். உன் அப்பா வாலாஜாபாத் ரைஸ்மில்லில் வேலை பார்த்தார். சாயங்கால பஸ்ஸைப் பிடித்துப் பொழுது சாய்வதற்குள் வந்துவிடுவார். தெருமுனையிலிருந்தே "பொழுது சாயுது டோய், தட்டு எடுத்து வை!" என்று கத்திக்கொண்டு வருவார், தெருவே சிரிக்கும். அந்த மனுஷன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரே நாளில் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த நேரத்துக்கு நம் வீட்டில் யாரும் கத்தவில்லை. நீ பள்ளிக்கூடம் விட்டதும் கடைக்கு வந்து கம்ப்யூட்டர் முன் உட்காருவாய். சமைப்பதற்காக நான் உனக்கு முன்னாலேயே வீட்டுக்குக் கிளம்பிவிடுவேன். நீ இருட்டிய பிறகு வருவாய். வந்தால் சாப்பாடு கிடையாது, நம் வழக்கம் அது. நானும் போடவில்லை, நீயும் கேட்கவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுப் படுப்பாய். வாரத்தில் நாலு நாள் அப்படி. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது உனக்கு. பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை வேறு வருகிறது. அந்த மெஷின் என் பிள்ளையின் சோற்றைத் தின்கிறது என்று எனக்கு வெறியே பிடித்துவிட்டது.

ஒருநாள் இருட்டுக்கு முன்னால் கூப்பிட வந்தேன். "இன்னாடா பண்ணிக்கினு இருக்க?" என்றேன். "வெளாட்டுமா, சின்ன வெளாட்டு, இன்னும் கொஞ்சந்தான் பாக்கி இருக்குது" என்றாய். திரையைக் கூடப் பார்க்கவில்லை நான். பார்த்திருந்தால் அதில் உன் அப்பா நின்றிருப்பது தெரிந்திருக்கும். மறுநாள் நீ பள்ளிக்கூடம் போன பிறகு கடையைத் திறந்து, வாடிக்கையாளர்களின் பத்திரிகைகளையெல்லாம் ஒன்றுவிடாமல் சிடியில் போட்டுக்கொண்டேன். யார் யாருடைய கல்யாணமோ, யார் யாருடைய காதுகுத்தோ, அத்தனையும் பத்திரம். 'வெளாட்டு' என்று பெயர் வைத்திருந்த உன் ஃபோல்டரை மட்டும் எடுக்கவில்லை. பிறகு கம்ப்யூட்டரைச் சுத்தமாகத் துடைத்துவிட்டேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.

நீ சாயங்காலம் வந்தாய். உட்கார்ந்தாய். கொஞ்ச நேரம் தேடினாய். நான் சண்டைக்குத் தயாராக இருந்தேன், என்னென்ன சொல்ல வேண்டுமென்று வரிசை போட்டு வைத்திருந்தேன். நீ திரும்பி, "எல்லாத்தையும் அழிச்சிட்டியாமா?" என்றாய். "ஆமா. பரீட்சை முடியட்டும்" என்றேன். "சரிமா" என்றாய். அவ்வளவுதான். அன்றைக்குப் பொழுதோடு என்கூடவே வீட்டுக்கு வந்து சாப்பிட்டாய். மூன்று முறை ரசம் வாங்கிக்கொண்டாய். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். சொந்தக்காரர்களிடமெல்லாம் "ஒரே நாள்ல திருத்திட்டேன்" என்று பெருமையடித்தேன். என் வாயில் மண்ணைப் போட. உனக்கு அன்றைக்கு அப்பா இரண்டாவது தடவை போய்விட்டார். அதைச் செய்தவளே எதிரில் உட்கார்ந்து ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

ஏன்டா சொல்லவில்லை? ஒரு வார்த்தை, "அதுல அப்பா இருந்தாருமா" என்று சொல்லியிருந்தால்? இதைக் கேட்கக்கூட எனக்கு யோக்கியதை இல்லை, தெரியும். சொல்லியிருந்தால் நான் தாங்கியிருக்க மாட்டேன் என்று பதினேழு வயதிலேயே கணக்குப் போட்டிருக்கிறாய். சரியான கணக்குதான். ஆனால் அந்தப் பழக்கம் உன்னோடு ஒட்டிக்கொண்டுவிட்டது, அதுதான் இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது. நந்தினி போன மாதம் வந்தபோது நீ லேப்டாப்பில் எதையோ செய்துகொண்டிருந்தாய். அவள் பக்கத்தில் வந்ததும் பட்டென்று மூடினாய். அவள் அடுக்களைக்கு வந்து, "அத்தை, அவரு இன்னா பாத்துக்கினு இருந்தாரு, என்னைக் கண்டதும் மூடிட்டாரே?" என்று கேட்டாள். அவள் குரலில் என்ன பயம் இருந்தது என்று உனக்குப் புரிகிறதா? நீ வெளியே போனதும் நான் திறந்து பார்த்தால் பூனைக்குட்டி நடக்கிற மாதிரி ஏதோ வரைந்து வைத்திருக்கிறாய்! பூனைக்குட்டியைக் கட்டிக்கப் போகிறவளிடம் மறைக்கிற ஆம்பிளையை நான் உலகத்தில் எங்கேயும் பார்த்ததில்லை.

அதனால் கல்யாணத்துக்கு உனக்கு நான் சொல்வது இதுதான். உன் விளையாட்டை அவளிடம் மறைக்காதே. பிடிக்கிறதா இல்லையா என்று அவளே சொல்லட்டும். அரைகுறையாக இருக்கும்போதே காட்டு. உன் பக்கத்தில் அந்தப் பாதி மரக்காரர் காட்டுகிறாரே, அப்படி. அவளிடமும் ஏதாவது அரைகுறையாக இருக்கும், அதை நீயும் பார். வீட்டில் முடிந்த வேலையை மட்டுமே காட்டிக்கொண்டு வாழ்ந்தால் கடைக்காரரும் வாடிக்கையாளரும் மாதிரி ஆகிவிடும். நான் அப்படித்தான் உன்னோடு வாழ்ந்தேன். கோபம் வந்தால் வாய்விட்டுச் சொல். "சரி" என்ற வார்த்தையை நம் வீட்டில் இனிமேல் யோசித்துத்தான் பயன்படுத்த வேண்டும், நீயும் நானும்.

சோறு போடாத வேலை என்று நான் சொன்னதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆபீஸ் வேலையை விடு என்று சொல்ல வரவில்லை, அந்த அளவுக்கு எனக்குப் புத்தி இன்னும் கெடவில்லை. சம்பளம் வேண்டும், வீட்டு வாடகை வேண்டும். ஆனால் உன் பக்கத்தில் இருக்கிற அந்தச் சின்னச் சாமான்களை யார் யாரோ எந்தெந்த ஊரிலோ உட்கார்ந்து, எதையும் எதிர்பார்க்காமல் செய்து, எடுத்துக்கோ என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதை நீ தேடிக் கண்டுபிடித்து, எனக்குப் புரிகிற தமிழில் இரண்டு வரி எழுதி வைத்திருக்கிறாய். நான் வரைந்தேன் பாலு. பத்திரிகைக் கரையை மறுபடியும் முதலிலிருந்து வரைந்து, இந்த முறை பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை டவுன்லோட் செய்து, முடித்தும்விட்டேன். நந்தினி வீட்டில் பத்திரிகையைப் பார்த்து எந்த ஆர்ட்டிஸ்ட் என்று கேட்டார்களாம். சோறு போடவில்லைதான். நான்தான் பொழுதோடு சாப்பிட்டு முடித்துவிடுகிறேனே, அதற்கப்புறம் இருக்கிற நேரத்துக்கு மனுஷிக்கு என்ன கொடுக்கப் போகிறாய்?

இனி கடைசி விஷயம். உன் 'தெரு' கருவியில் நான் நம் தெருவைச் செய்துகொண்டிருக்கிறேன். ஐந்து வாரமாக. நீ செய்த தெரு எப்படி இருந்ததென்று தெரியாது, இது வேறு தெருதான். கோயில் மதில் கோணலாக நிற்கிறது. எதிர்வீட்டு ஆடு ஆடு மாதிரி இல்லை, ஸ்டூல் மாதிரி இருக்கிறது. நம் வீட்டு வாசலில் உன் அப்பாவை வைத்திருக்கிறேன். வேட்டிக்கு ஆறு கட்டம், தலைக்கு நாலு கட்டம், மீசைக்கு ஒரு கட்டம். ஒரு கட்டத்தில் என்ன மீசை வரும் என்று நினைத்தேன். வைத்ததும் அவராகிவிட்டார். கொஞ்ச நேரம் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

நீ இழந்த நாலு வரிகளை என்னால் தர முடியாது. அவர் உன்னிடம் என்னென்ன பேசினாரோ, உங்கள் இரண்டு பேருக்கும்தான் தெரியும். என்னிடம் பேசியது எனக்குத் தெரியும், அதை வைத்திருக்கிறேன். "உன் ரசத்துக்கு மில்லு மொதலாளியே வேலைய உட்டுட்டு வருவான்" என்பது ஒன்று. "பையன் பத்திரிகையில என் பேர கொஞ்சம் பெருசாப் போடு, டைப் பண்றது நீதான, யாரு கேக்கப் போறா" என்பது ஒன்று. போட்டுவிட்டேன் பாலு, மற்ற பெயர்களை விட ஒரு சுற்றுப் பெரிதாகவே போட்டிருக்கிறேன், முன்னால் 'அமரர்' என்று சேர்க்கும்போதுதான் கை வரவில்லை. இப்படி ஐந்தாறு. எல்லாம் வைத்த பிறகும் ஒரு வரி பாக்கி இருந்தது. அதை வைக்கலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் இழுத்தடித்தேன். போன ஞாயிறு நீ பேசியதும் வைத்துவிட்டேன்.

உனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். மில்லிலிருந்து அவர் கொண்டுவந்து வைத்திருந்த ரசீதுக் கட்டின் பின்பக்கம் முழுக்க நீ கட்டம் கட்டமாக எதையோ வரைந்து தள்ளியிருந்தாய். நான் உன்னை அடிக்கக் கையை ஓங்கினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, நீ வெளியே ஓடிய பிறகு சொன்னார்: "அவன் இன்னாவோ பண்றான்மா. இன்னான்னு எனக்குப் புரியல. உனக்கும் புரியல. புரியலன்னு நிறுத்திடாத." நான் நிறுத்தினேன். அவர் சொன்னதைக் கேட்டும் நிறுத்தினேன். அவர் அப்படிச் சொன்னார் என்பதைக்கூட உனக்குச் சொல்லாமல் இத்தனை வருஷம் எனக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். சொன்னால் என் தப்பு இரண்டு மடங்காகிவிடுமே என்ற பயம்தான், வேறென்ன.

தெரு உன் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்தக் கரைக் கருவி மாதிரி இல்லை, இது சேமிக்க விடுகிறது; 'அம்மா' என்ற பெயரில் சேமித்திருக்கிறேன். அம்புக்குறியை அழுத்தி நேராக நட, நாலாவது வீடு நம்முடையது. வாசலில் நிற்கிறவர்மேல் போய் மோது. ஆறு தடவை மோதினால் ரசம், பெயர் என்று எதையாவது பேசிக்கொண்டிருப்பார், அதெல்லாம் எனக்குச் சொன்னது. ஏழாவது தடவை மோது, அது உனக்கு. பக்கத்தை மூடுவதா வேண்டாமா என்று அதற்கப்புறம் நீயே முடிவு செய், நான் குறுக்கே வரமாட்டேன்.

அம்மா